மிச்சமிருந்த ஆறு நிமிடம்

பாப்பா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போனில் பேசினால் நான் பாதியில் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்றாள். முடித்த பிறகு என்றேன். "சரி, ராத்திரிக்குச் சேத்தே வடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கை அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நினைவு வைத்திருக்கிறேன். "அப்பா, நீங்க சர்ச்சுக்கு வரமாட்டீங்கன்னு தெரியும். நான் கட்டாயப்படுத்தல. ரிசப்ஷனுக்கு வந்தா போதும். ஆனா என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். தேவராஜ் மாமாவக் கேக்கட்டுமா? பத்திரிகைய மட்டும் நீங்களே போய் வையுங்கப்பா, நீங்க கூப்பிடாம அவர் வரமாட்டார்." நான் "கேட்டுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பொறாமைப்பட்டேன். பாக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் உனக்கு நடை பழக்கியவன் நான். அந்தக் கையைப் பிடிக்க வேறொருவனைத் தேடும்படி ஆக்கியவனும் நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நாள் உன் அம்மாவோடு கூடப் பேசவில்லை. அவள் அதை ஓய்வாக எடுத்துக்கொண்டாள்.

தேவராஜ் யார், எனக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ பிறப்பதற்கு எட்டு வருடம் முன்னால் நான் ஆவடி பாக்டரியில் சேர்ந்தேன். ராணுவ டாங்குக்குப் போகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்குகிற வேலை. தேவராஜ் பிட்டர், அந்தப் பாகங்களைச் செய்து பொருத்துகிறவன். அவன் செய்ததை நான் ஒதுக்குவேன், அவன் என்னைத் திட்டுவான். அப்படி ஒருநாள் திட்டிக்கொண்டிருக்கும்போது மேசையில் விரலால் ஒரு தாளம் தட்டினான். எனக்குத் தெரிந்த தாளம். வேலூரில் கல்லூரி விடுதியில் ஒரு பையன் வைத்திருந்த இங்கிலீஷ் ராக் பாட்டு. "டேய், அந்தப் பாட்டா?" என்றேன். "இன்னா மாமே, உனக்கு அதெல்லாம் தெரியுமா? பாத்தா திருக்குறள் வகுப்பு எடுக்கற மூஞ்சி கீது!" என்றான். அன்றைக்கு அவனுடைய பாகம் ஒதுக்கப்பட்டதுதான். ஆனால் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் முத்தாபுதுப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போனேன்.

கப்பலில் வேலை பார்த்த அவன் அண்ணன் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஐம்பது அறுபது இசைத்தட்டுகளையும் விட்டுப் போயிருந்தான். வாரம் ஒரு தட்டை எடுத்து எனக்குக் காசெட்டில் பதிவுசெய்து கொடுப்பான். காசெட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்துநாலு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி ஆறு நிமிடம் வெறும் இரைச்சல். "காலியா உட்டா நல்லா இல்ல மாமே" என்று ஒரு நாள் மைக்கைச் செருகிவிட்டு, அப்போது முடிந்த பாட்டைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டான். நான் பதில் சொன்னேன், அவன் மறுத்தான், நான் கத்தினேன், நாடா தீர்ந்து பொத்தான் டக்கென்று எகிறியது. அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. அதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு காசெட்டிலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் எங்கள் சண்டை இருக்கும்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். நான் கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐயர், தாலி, ஹோமம் எதுவும் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்தவன். உன் அம்மா அம்மன் கோயிலுக்குப் போகும்போது வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருப்பேன், படியேற மாட்டேன். இந்த ராக் பாட்டெல்லாம் சாமியைக் கேள்வி கேட்கிற பாட்டு, என் கட்சிப் பாட்டு என்பது என் வாதம். தேவராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன். எல்லாமே ஜெபம்தான், பாடுகிறவனுக்கே அது தெரியாது என்பான். ஒரு பாட்டில் பெருவெள்ளத்தில் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், தன்னை ஏற்றிக்கொள்ளாமல் போகிற நோவாவைப் பச்சையாகத் திட்டுவான். நான் துள்ளிக் குதித்தேன், பார்த்தாயா என்று. இன்னொரு பாட்டில் சிலுவைக்கு மரம் அறுத்துக் கொடுத்த தச்சன் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடுவான். அவ்வளவுதான் பாட்டே. "அவன் மேல என்ன தப்பு? ஆர்டர் வந்துச்சு, செஞ்சான்" என்று நான் சொன்னேன். தேவராஜ், "நாமளும் அதான மாமே பண்ணிகினு கீறோம்" என்றான். அந்த மிச்சத்தில் அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் எங்கள் இரண்டு பேர் குரலும் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தது டாங்கு.

நீ இந்தக் காசெட்டுகளைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். பாட்டைவிட உனக்கு மிச்சம் பிடித்தது. நானும் அவனும் கத்துவதைக் கேட்டுச் சிரிப்பாய். பன்னிரண்டு வயதில் நீயே தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தாய். அதில் முக்கால்வாசி தேவராஜ் பக்கம் போனதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. என் மகள் நன்றாக வாதம் பண்ணுகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

பத்தொன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்றாய். ஒரு வருடமாகச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியும் என்றாய். அன்றைக்கு நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். தேவராஜை ஆள் அனுப்பி வரவழைத்தேன். பரணிலிருந்து காசெட் பெட்டியை இறக்கினேன். கூடத்தில் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, உன்னை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு காசெட்டாகப் போட்டு மிச்சத்துக்கு ஓட்டி அவன் பேசியதை மட்டும் கேட்கவைத்தேன். "கேள்! இது பாட்டைப் பற்றிப் பேசுகிற பேச்சா? தொட்டிலில் கிடந்ததிலிருந்து உனக்குப் பிரசங்கம் பண்ணியிருக்கிறான்!" பாக்டரியில் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிற அதே புத்தியோடு பதினோரு காசெட் போட்டேன். நீ அழுதாய். நிறுத்துங்கள் என்று உன் அம்மா கத்தினாள். நடுவில் ஒரு தடவை தேவராஜ் குனிந்து பெட்டியிலிருந்து ஒரு காசெட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். "திருடறியா? எல்லாத்தையும் விட மோசமா அதுல பேசியிருக்கியோ?" என்றேன். அவன் எழுந்து, "வரேன் மாமே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் அவன் நம் வீட்டுக்குக் கடைசியாக வந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் ஒரே கேன்டீனில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். பதினேழு வருடச் சிநேகிதத்தை நான் ஒதுக்கிய பாகம் மாதிரி ஒதுக்கினேன்... இல்லை, கணக்கு தப்பு. இருபத்தேழு வருடம். எழுதும்போது கூடக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், பார்!

நேற்றைக்கு முன்தினம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டை போனேன். நம் கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரம். நான் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வழியில் இரண்டு டீ. என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் அவன் கதவைத் திறந்ததும் போய்விட்டது. தலை முழுக்க நரைத்திருக்கிறது. பனியனோடு நின்றான். "இன்னா மாமே, வழி தெரிஞ்சுதா?" என்றான். பத்து வருடம் கழித்து அவன் கேட்டது அவ்வளவுதான். நான் பத்திரிகையை நீட்டினேன். தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். தட்டு வண்டியின் பெட்டியிலேயே இருந்துவிட்டது.

அவன் பத்திரிகையை முழுக்கப் படித்தான். நீ கேட்டதையும் சொன்னேன். "பாப்பா உன்னைத்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொல்கிறாள்" என்றேன். அவன் உள்ளே போய் ஒரு காசெட்டோடு வந்தான். "இத நீ வாங்கிக்கணும் மொதல்ல" என்றான். மேலே என் கையெழுத்து. அதைப் பார்த்ததும்தான் அன்று அவன் சட்டைப்பையில் போனது எது என்று தெரிந்தது.

பாப்பா, இனிமேல் சொல்லப் போவதில் முக்கியமானது உன் அம்மாவுக்கே நேற்று வரை தெரியாது. நீ ஏழாவது மாதத்திலேயே பிறந்துவிட்டாய். ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். நாலாவது நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்குப் பொழுது போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்ததைத் தேவராஜ் பார்த்து, ரெண்டு வாய் சாப்பிடு, சாயங்காலம் வரலாம் என்று இழுத்துக்கொண்டு போனான். சாப்பாடு இறங்கவில்லை. சும்மா உட்கார முடியாது என்று ஒரு தட்டைப் போட்டுப் பதிவு செய்தான். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இடிந்துபோன சுரங்கத்தின் வாசலில் நிற்கிற ஒருத்தன் பாடுவது. உள்ளே தம்பி மாட்டியிருக்கிறான். அண்ணன் எட்டு நிமிடம் மேலே பார்த்துக் கத்துவான், கேட்கிறதா, கேட்கிறதா என்று. தம்பி வெளியே வந்தானா இல்லையா என்று பாட்டு சொல்லவே சொல்லாது. கிட்டார் மட்டும் வாசித்துக்கொண்டே போய் நிற்கும். இந்தப் பாட்டுக்கு முன்பே ஒரு தடவை நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். இது சாமியை நிந்திக்கிற பாட்டு என்றேன். "இல்லாதவன்கிட்ட எவன் மாமே மெனக்கெட்டு சண்ட போடுவான்?" என்று அவன் கேட்டான். அன்றைக்கு நான் அதற்குச் சிரித்தேன்.

பாட்டு முடிந்தது. தேவராஜ் பழக்கத்தில் மைக்கைச் செருகி, "தீர்ப்பு சொல்லு மாமே" என்றான். என் மனதைத் திசைதிருப்பத்தான் கேட்டிருப்பான். நான் வாதம் பண்ணவில்லை. நான் பேசினேன், ஆனால் அவனிடம் இல்லை. ஆறு நிமிடம் பேசினேன். நாடா தீர்ந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "இதை வெளியே சொன்னால் நீ என் சிநேகிதன் இல்லை. அழித்துவிடு" என்றேன். அடுத்த வாரம் கேட்டேன், அழித்துவிட்டேன் என்றான். நீ பிழைத்துக்கொண்டாய். நல்ல மருந்து, நல்ல நர்ஸ், உன் அம்மாவின் பிடிவாதம் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அந்தக் காசெட்டை அதற்குப் பிறகு நான் போடவே இல்லை, பெட்டியின் அடியில் தள்ளி வைத்தேன், உன் கைக்கும் எட்டவிடவில்லை.

அதைத்தான் நேற்றைக்கு முன்தினம் அவன் வீட்டுக் கூடத்தில் கேட்டோம். பழைய டேப்பை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறான். முப்பத்துநாலு வயதில் என் குரல் இவ்வளவு மெலிசாக இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. "யோவ், இருக்கியா? எனக்குத் தெரியாது. இருக்கேன்னு இவனுங்க சொல்றானுங்க. ஒண்ணேகால் கிலோதான்யா அது. அதை எடுத்துட்டுப் போய் நீ என்ன பண்ணப் போற? உன்கிட்ட இல்லாததா? உட்ருய்யா. நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. இப்போ கேக்கறேன். உட்ரு." இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவில் திட்டுகிறேன், அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. அது நான் இல்லை.

"அழிச்சிட்டேன்னு சொன்னியேடா" என்றேன். "அழிக்க மனசு வரல மாமே. வருசம் ஒரு தபா, பாப்பா பொறந்த நாளன்னிக்கி போட்டுக் கேப்பேன். உன் பொட்டியில இருந்தப்போ நீ இல்லாத நேரமாப் பாத்து வந்து கேட்டுட்டுப் போவேன், உன் பொண்டாட்டி பாட்டு கேக்கறேன்னு நெனச்சிக்கும்." எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம்தானே முதலில் வரும். "அன்னிக்கு நான் பதினோரு காசெட் போட்டு உன்னைக் கேவலப்படுத்தினேன். இந்த ஒண்ணை எடுத்து நீ போட்டிருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். ஏண்டா போடல?" என்று கத்தினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உன் பொண்ணு எதிர்ல உன்ன தோக்கடிச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? அதுக்கு அப்பன்னு நீ ஒருத்தன்தான் கீற" என்றான். நான் அழுதேன், பாப்பா. அறுபத்துமூன்று வயதில் இன்னொருத்தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அவன் மனைவி காபி கொண்டுவந்தவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அறிவுரை சொல்லாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னீர்குப்பத்தில் நீங்கள் பார்த்திருக்கிற அந்த வீட்டில் ஒரு நாள் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வரும். வாதம் பண்ணுவதில் நீ என்னைப்போல. உன் பக்கம் நியாயம் முழுசாக இருக்கும், அவன் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை உன் கையில் சாட்சியாக இருக்கும். அதைத் தூக்கிப் போட்டால் அவனால் பேச முடியாது. அன்றைக்குத் தேவராஜ் மாமாவின் சட்டைப்பையை நினைத்துக்கொள். என்னை நினைத்துக்கொள்ளாதே, நான் கெட்ட உதாரணம்.

உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போக தேவராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. "என் கையில கிட்டார் இருக்கும், நீ நட" என்று முடித்துவிட்டான். நீ நடந்து வரும்போது அந்தச் சுரங்கப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடத்தை வாசிக்கப் போகிறானாம். பாதிரியாரிடம் சொல்லிவிட்டானாம். வார்த்தை இல்லாத இடம்தானே, யாருக்கும் தெரியாது என்கிறான். நமக்குத் தெரியும். ஆக, உனக்குச் சம்மதம் என்றால் நான் வருகிறேன். ரிசப்ஷனுக்கு இல்லை, காலையிலேயே சர்ச்சுக்கு. கோட்டு போட மாட்டேன், முழங்கால் போட மாட்டேன், கண்ணை மூட மாட்டேன். நான் மாறிவிட்டேன் என்று உன் சர்ச்சில் யாராவது சந்தோஷப்பட்டால் இல்லை என்று சொல்லிவிடு. உன் சாமி இருக்கிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை கேட்டேன், நீ கிடைத்தாய். அதை உன்னிடம் மறைத்துவிட்டு, நீ நன்றி சொல்லப் போனதற்கு உன்னைத் திட்டினேன். அது தப்பு, பாப்பா. பெரிய தப்பு. மன்னித்துக்கொள்.

நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினேன். "பஸ்ஸப் பிடிக்கப் போறவராட்டம் போறீங்க, மெதுவா" என்று நாலு தடவை திருப்பி விட்டாள். ஐந்தாவது தடவை சரியாக வந்தது.

இந்தக் கடிதத்தோடு காசெட்டையும் வைக்கிறேன். இது உன்னுடையது என்று சொல்லித்தான் தேவராஜ் கொடுத்தான். போட்டுக் கேட்க உன்னிடம் ஒன்றும் இருக்காது, அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போ. பாட்டு முடிகிற இடம்வரை நாடாவைப் பென்சிலால் சுற்றி வைத்திருக்கிறேன். நீ பொத்தானை அழுத்தியதும் அப்பா பேசுவேன்.